தவமணி கொத்திய பாத்தி

மெல்பேண் புறநகரங்களான டார்னெய்ட்டிலும் கிரெய்கிபர்னிலும் புதுவீடு வாங்கிய பிள்ளைகள் சிலர் இப்போதும் எனக்கு ரெலிபோன் எடுக்கிறார்கள். "அன்ரி, வேலிக்கு என்ன கொடி வைக்கலாம்?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே ஒரு படத்தையும் அனுப்பிவிடுவார்கள். அந்தக் கொடியின் பெயர், அதற்கு வேண்டிய வெயில், அது உறைபனி தாங்குமா என்பதையெல்லாம் அவர்களுடைய போனே சொல்லிவிடுகிறது. சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. நான் அதோடு போட்டிக்கு நிற்பதில்லை.

போன கிழமை அப்படிக் கதைத்த பிள்ளை ஒருத்தி, "உங்கட வேலையில ஆகக் கஷ்டமான கஸ்டமர் ஆர் அன்ரி?" என்று கேட்டாள். அந்த நேரம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ரெலிபோனை வைத்த பிறகு தவமணியின் முகம் வந்து நின்றது. அவர் கஷ்டம் கொடுத்தவர் இல்லை. ஆனால் நான் செய்த வேலையில் அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்ததாக நினைவில்லை.

நானும் கணவரும் எழுபத்திரண்டில் மெல்பேணுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீடு நகரத்துக்குக் கிழக்கே டண்டினோங் மலையடியில் இருந்தது. மலையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் ஒரு நர்சரி. வாசலில் ஆள் தேவை என்று பலகை தொங்கியது. போய்க் கேட்டேன், எடுத்துக்கொண்டார்கள். முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டி கழுவினேன், மண் கலந்தேன், கை வெடித்தது, பழகிப்போனது.

நர்சரியை நடத்தியவர் மிஸ் ஹார்ட்லி. ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம். ஆண்கள் போடும் பழைய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் பையில் கத்தரிக்கோலோடு திரிவார். யாராவது வந்து "வடிவான கொடி ஒன்று வேண்டும்" என்றால் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் வந்தவரின் சப்பாத்தைப் பார்ப்பார். சிவப்பு மண் ஒட்டியிருந்தால் மலைக்காரர், மஞ்சள் களி ஒட்டியிருந்தால் சமவெளிக்காரர். பிறகு, "காலையில் எழும்பியதும் எந்த ஜன்னலால் வெளியே பார்ப்பீர்கள்?" என்று கேட்பார். அடுத்த கேள்வி, "உறைபனி விழுந்த நாளில் உங்கள் முற்றத்தில் எந்த இடத்து வெள்ளை கடைசியாகக் கரையும்?" அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. "பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஏதாவது பிழையாகக் கட்டினால் பிழை என்று சொல்லமாட்டார். பக்கத்தில் இன்னொரு கொடியைத் தானே கட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். இரண்டையும் பார்த்து நானே அவிழ்த்துக் கட்டவேண்டும்.

மலையில் குளிர் கூட. போகன்விலாவை வைத்தால் முதல் உறைபனியிலேயே கறுத்துப்போகும். விஸ்ரீரியா எந்தக் குளிரையும் தாங்கும், ஆனால் வயதாக வயதாகக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியையே பிடுங்கிவிடும். மிஸ் ஹார்ட்லிக்குப் பிடித்தது கிளமற்றிஸ் கொடி. தலையில் வெயில் படவேண்டும், காலடி குளிர்ச்சியாக நிழலில் இருக்கவேண்டும் என்பது அதன் குணம். லில்லிக்கும் கிட்டத்தட்ட அதே ஆசைதான். அதனால் கொடியின் காலடியில் லில்லியை வைத்தால் ஒன்றுக்கு ஒன்று நிழல். இரண்டையும் சேர்த்தே சிபாரிசு செய்வார்.

நர்சரிக்கு இந்திரா வந்தது எழுபத்திமூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில். அப்போது மெல்பேணில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். இந்திராவின் கணவர் லிங்கம், நகரத்துக்குத் தண்ணீர் வழங்கும் பகுதியில் எஞ்சினியர். மகள் சுமதிக்கு ஆறு வயது. மலையில் ஒரு மரவீடு வாங்கியிருந்தார்கள்.

"மல்லிகை இருக்கே?" என்றுதான் இந்திரா முதலில் கேட்டார். உடனே தானே சிரித்தார். "செத்துப்போமெண்டு தெரியும். சும்மா கேட்டுப் பாத்தனான்."

மிஸ் ஹார்ட்லி தன் ஜன்னல் கேள்வியைக் கேட்டார். குசினி ஜன்னலால் பார்த்தால் விறாந்தையின் கிழக்குத் தூண் தெரியும் என்றார் இந்திரா. அந்தத் தூணுக்கு ஊதாப் பூப் பூக்கும் கிளமற்றிஸ் என்று முடிவானது. லில்லியை இந்திரா மூக்கால் தெரிந்தெடுத்தார். குளிர்காலத்தில் பூ இல்லை, கிழங்குதான். அதனால் ஒவ்வொன்றும் எப்படி மணக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே போனார். ரிகேல் என்ற வெள்ளை லில்லியைப் பற்றி, "பின்னேரம் கதவைத் திறந்துவைத்தால் வீடு முழுக்க மணக்கும்" என்றேன். "அப்ப அது காணும், வேற வேண்டாம்" என்றார்.

நானே போய் நட்டுக் கொடுத்தேன். பாத்தியில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒவ்வொரு கிழங்குக்கும் அடியில் ஒரு பிடி பருமணல் போட்டோம். தண்ணீர் தேங்கினால் லில்லி அழுகிவிடும். கிளமற்றிஸை அது சட்டியில் இருந்ததைவிட ஆழமாக, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வைத்தோம். மேலே என்ன நடந்தாலும் அந்தக் கணுக்களிலிருந்து திரும்ப வரும்.

இரண்டு கோடைக்கு அவர் அந்தப் பூக்களைப் பார்த்தார். எழுபத்தைந்தில் ஒரு நாள், வேலை செய்த இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். அதன் பிறகு லிங்கத்தின் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. அடுத்த வருடம், பிள்ளைக்கு ஒரு துணை வேண்டுமென்று ஊரில் உறவுக்காரர் நெருக்கி, அவருக்கு மறுமணம் செய்துவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம், நர்சரிக்கு ஒரு பெண் வந்தார். சேலைக்கு மேலே ஆணின் ஓவர்கோட். கையில் மூடிபோட்ட பிளாஸ்ரிக் வாளி. முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.

"நீங்கள்தானே பரமேஸ் அக்கா? நான் தவமணி. லிங்கத்தாற்ற..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு வாளியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

உள்ளே மண்ணும் வெங்காயத்தோலும் தேயிலைச் சக்கையும். அவற்றுக்கிடையில் உடைந்த லில்லிக் கிழங்குகள். சிலது மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. எந்தப் பாத்தியிலிருந்து வந்தவை என்று அவர் சொல்ல முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

"நான் வந்து மூண்டு கிழமைதான் அக்கா. பாத்தியில ஒண்டுமே இல்லை, வெறும் மண். தூணில காஞ்ச குச்சி. செத்துப்போச்செண்டு நினைச்சு எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, மிளகாய்க்கண்டு வைப்பமெண்டு கொத்தினனான். உள்ளுக்க இது வந்துது. உள்ளிப்பூடு அழுகிக் கிடக்காக்குமெண்டு குப்பைவாளியில போட்டிட்டன்."

"பிறகு?"

"பள்ளிக்கூடத்தால வந்து பிள்ளை பாத்திட்டுது. கத்தின கத்து... இங்கிலிஷில. எனக்கு 'மம்' எண்டது மட்டும்தான் விளங்கிச்சு. அதிலயே எல்லாம் விளங்கிப்போச்சு. குப்பைவாளியைக் கவிட்டுத் தேடினனான். முதல் நாள் போட்டதைக் குப்பைவண்டி கொண்டுபோயிட்டுது. மிச்சம் இவ்வளவுதான்."

"லிங்கம் என்ன சொன்னவர்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை." அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. "பாத்தியைப் பாத்தார், உள்ளுக்குப் போயிட்டார். பேசியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் கோவத்தில கதைக்காம இருக்கிறாரோ, கவலையில இருக்கிறாரோ எண்டு எனக்கு விளங்கேல்லை. எனக்கு அவரை அவ்வளவுக்குத் தெரியாது அக்கா."

விற்பனைக்கென்று மரத்தூளில் போட்டு வைத்திருந்த புதுக் கிழங்குகள் பக்கத்துப் பெட்டியில் இருந்தன. அவர் அதைக் காட்டினார். "இது அதுதானே? இதை வாங்கிக்கொண்டு போய்ப் பேசாம நட்டுவிட்டால் ஒருதருக்கும் தெரியாதுதானே?"

எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. ஒரே இனம், ஒரே பூ, ஒரே மணம். மிஸ் ஹார்ட்லி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சட்டிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் வாளியையும் பெட்டியையும் அந்தக் கண்ணீரையும் பார்த்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"புதுக் கிழங்கு தாராளமாகக் கொடுக்கலாம்" என்றார். "ஆனால் அது புதிது என்பதைப் பிள்ளைக்கு அவர் சொல்லவேண்டும். முடியுமா என்று கேளுங்கள்."

கேட்டேன். தவமணி பெட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"சொல்லத்தான் வேணுமெண்டால் எனக்குப் புதுசு வேண்டாம்" என்றார். "இதில ஏதும் செய்யேலுமோ எண்டு கேளுங்கோ."

மிஸ் ஹார்ட்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லில்லிக் கிழங்கு வெங்காயம்போல ஒன்றையொன்று சுற்றிய தோலால் ஆனதில்லை. தடித்த செதில்கள் பூவிதழ்மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு செதிலும் தனியாகவே ஒரு குட்டிக் கிழங்கை உண்டாக்கக்கூடியது. அவர் ஒரு கிழங்கைக் கழுவி, செதிலை அடியோடு பிடித்து வெளிப்பக்கம் வளைத்தார். 'டக்' என்று கழன்றது. கறுப்புப் புள்ளி விழுந்ததை ஒதுக்கினார். நல்லதைக் கந்தகத் தூளில் புரட்டினார். பீற் என்ற சதுப்புநில மண்ணையும் பருமணலையும் நனைத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். ஒரு துளிகூட விழக்கூடாது, ஆனால் உருண்டை உடையவும் கூடாது. அந்தப் பதத்தில் செதில்களைக் கலந்து பிளாஸ்ரிக் பையில் போட்டு, கொஞ்சம் காற்றையும் விட்டுக் கட்டவேண்டும். முதல் கிழங்கை மட்டும்தான் அவர் செய்தார். அடுத்ததைத் தவமணியின் கையில் கொடுத்துவிட்டுத் தன் சட்டிகளுக்குத் திரும்பிப்போனார்.

பை கட்டி முடிந்ததும் மிஸ் ஹார்ட்லி, "இருட்டான, சூடான இடத்தில் வையுங்கள். திறக்கவேண்டாம், தண்ணீர் விடவேண்டாம். வேண்டிய ஈரம் உள்ளே இருக்கிறது" என்றார். வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி நல்லது என்று நான் தமிழில் சொன்னேன்.

"வருமே?" என்று தவமணி கேட்டார்.

மிஸ் ஹார்ட்லியிடம் அதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதையே சொன்னேன். "சிலது வரும். பூக்க மூண்டு கோடை எடுக்கும்."

அன்று வேலை முடிந்து போகும் வழியில் அவர்கள் வீட்டில் இறங்கி, கிளமற்றிஸைப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேலே ஒன்றும் மிச்சமில்லை. குனிந்து மண்ணைக் கொஞ்சம் விலக்கினேன். கணுக்களில் கொழுத்த மொட்டுகள் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இனம் புதுத் தளிரில்தான் பூக்கும், ஒவ்வொரு குளிர்காலமும் அடியோடு வெட்டவேண்டியது. இந்திரா போன பிறகு ஒருவரும் அதைத் தொடாததால் கூரையில் சிக்குப்பட்டுக் கிடந்திருக்கிறது.

"தவமணி, இதை நீங்கள் வெட்டினது சரி. நானெண்டாலும் இப்பிடித்தான் வெட்டியிருப்பன்."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாதேங்கோ அக்கா."

"இஞ்ச பாருங்கோ" என்று மொட்டைக் காட்டினேன். அவர் அப்படியே ஈர நிலத்தில் குந்தியிருந்து, வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் சுமதி நிற்பதைக் கண்டேன். கையசைத்தேன், உள்ளே போய்விட்டாள். இந்திரா இறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வீட்டிலும் தமிழ் கதைப்பதை விட்டுவிட்டதாகத் தவமணி சொன்னார். லிங்கம் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதிலாம்.

குளிர்காலம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை, லிங்கமும் தவமணியும் சுமதியுமாக மூன்று பேரும் நர்சரிக்கு வந்தார்கள். தவமணி பையை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம். பை அடியில் கறுப்பு நீர்.

"நான் திறக்கவே இல்லை அக்கா" என்றார்.

மிஸ் ஹார்ட்லி பையை அவிழ்த்து மணந்து பார்த்தார். ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரலிடுக்கால் தண்ணீர் ஒழுகியது. "யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள்" என்றார்.

எல்லாருடைய பார்வையும், என்னுடையதும்தான், பிள்ளையின் பக்கம் போனது. சுமதியின் முகம் சிவந்தது. தான் தொடவே இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

"பிள்ளை இல்லை. நான்தான் விட்டனான்."

லிங்கம் வாசலடியில், பனியில் வந்தவர்மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். "விடிய வேலைக்குப் போகேக்க முகம் துடைக்கத் துவாய் எடுக்க அலுமாரியைத் திறக்கிறனான். பை தொங்கிக் கிடந்துது. என்னெண்டு விளங்கிச்சு. காஞ்சுபோகக்கூடாதெண்டு... ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டிதான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ் ஹார்ட்லி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர்தானே நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற எஞ்சினியர்?" என்று என்னிடம் கேட்டார். சுமதி பக்கென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. லிங்கமும் சிரிக்கப் பார்த்தார்.

தவமணி மட்டும் சிரிக்கவில்லை. "இது என்னெண்டு தெரிஞ்சுதான் விட்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஏன் என்னோட ஒண்டும் கதைக்கேல்லை?"

"அதைப்பற்றிக் கதைச்சால் நீர் அழுவீர் எண்டு பேசாம இருந்தனான்."

"நீங்கள் பேசாம இருந்ததாலதான் நான் அழுதனான்" என்றார் தவமணி.

மிஸ் ஹார்ட்லி ஒரு பழைய பத்திரிகையை மேசையில் விரித்து, பையை அதில் கொட்டினார். ஐந்து பேரும் சுற்றி நின்று பிரித்தோம். தொட்டால் நசிவது ஒரு பக்கம், இறுக்கமானது மறுபக்கம். பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு செதிலின் அடியில் அரிசிமணிபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை முதலில் கண்டது சுமதிதான். அவள் அதைத் தகப்பனிடம் காட்டவில்லை, என்னிடமும் காட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தவமணியிடம் நீட்டினாள். பிறகு தேடத்தேட இன்னும் சிலவற்றில் இருந்தன. புதுப் பையில் கட்டிக் கொடுத்தோம். காரில் போகும்போது சுமதி அதை மடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் கிளமற்றிஸ் நிலத்திலிருந்து பீலிவரை ஊதாவாகப் பூத்தது. லில்லிக் குஞ்சுகள் சட்டியில் புல்மாதிரி ஒற்றை இலை விட்டன. அடுத்த வருடம் பாத்திக்கு மாற்றினார்கள். நத்தை தின்னாமல் சுமதி முட்டைக்கோதை நொறுக்கிப் போட்டாள். தவமணி என்னைக் காணும்போதெல்லாம் அவற்றைப் பற்றித்தான் சொல்வார். பிள்ளையோடு கதைத்துக் கதைத்து அவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. பிள்ளைக்குத் தமிழ் திரும்பவில்லை. அதைப்பற்றிப் பிள்ளையைக் கேட்கவேண்டாம் என்று லிங்கத்திடம் சொல்லிவைத்திருந்தார்.

எழுபத்தெட்டு டிசம்பரில், மூன்றாவது கோடை தொடங்க, லிங்கம் ரெலிபோன் எடுத்தார். "பூத்திட்டுது. மிஸ் ஹார்ட்லியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." வாடிக்கையாளர் வீட்டுக்கு மிஸ் ஹார்ட்லி போனதே கிடையாது. வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அந்தக் கோட்டைக் கழற்றிவைத்து, தலையைச் சீவிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

இந்திராவின் லில்லிகளின் உயரம் இவற்றுக்கு இல்லை. மெல்லிய தண்டு, ஒன்றில் ஒரு பூ, இன்னொன்றில் இரண்டு. ஆனால் கேற்றடியிலேயே மணம் வந்துவிட்டது. மிஸ் ஹார்ட்லி குனிந்து ஒவ்வொரு பூவையும் பார்த்தார்.

தவமணி ஒரு பூவை வெட்டினார். இலைகளைத் தண்டோடு விட்டு மேலே மட்டும் வெட்டவேண்டும், அப்போதுதான் கிழங்குக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று சுமதி பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். பூவோடு வீட்டுக்குள் போன தவமணி நடு ஹோலில் நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"அவவின்ர படம் எங்க?"

லிங்கம் அலுமாரிப் பக்கம் பார்த்தார். "நீர் வாறதுக்கு முதல் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சனான். உமக்குச் சங்கடமா இருக்குமெண்டு."

"இவ்வளவு நாளாவோ?"

"ஓம்."

"படத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. இந்தப் பூவை நான் பிறகு எங்க வைக்கிறது?"

அவர் படத்தைக் கொண்டுவந்தார். விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் எடுத்த படம், இந்திரா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பழைய ஆணியையும் லிங்கம் பிடுங்கி, ஓட்டையைப் பூசி மறைத்திருந்தார். தவமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குசினியிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து, சுத்தியலோடு அதில் ஏறினார். கதிரைக்கு ஒரு கால் கட்டை, ஆடியது. நான் பிடிக்கப் போகுமுன் சுமதி ஓடிவந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கவனம்" என்றாள், தமிழில்.

லிங்கம் என்னைப் பார்த்தார். தவமணி சுத்தியலை ஓங்கியபடியே குனிந்து பிள்ளையைப் பார்த்தார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு ஆணியை அடித்தார்.